எளிய சொல்லால் பொருள் விளக்கியவர்

அகராதி என்பது அறியாத சொல்லை அறிந்த சொல்லால் விளக்கும் நூலாகும். விளக்கும் சொல்லும் அறியாததாக அமைந்துவிட்டால், கற்பவர் ஒரு சொல்லிலிருந்து மற்றொரு சொல்லுக்கு அலைந்து சோர்வர். சாமுவேல் ஜான்சன் 1755ஆம் ஆண்டு வெளியிட்ட புகழ்பெற்ற ஆங்கில அகராதியிலேயே, வலைப்பின்னலைக் குறிக்கும் எளிய சொல்லொன்று அதனினும் கடிய இலத்தீன்வழிச் சொற்களால் விளக்கப்பெற்றுள்ளது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர் இக்குறையைப் பொறுத்துக்கொள்வர். அயல்மொழியாக அதனைக் கற்கும் சிறுவனுக்கோ அது கடத்தற்கரிய தடையாகும். அத்தடையை நீக்க வழிகண்ட அறிஞர்களுள் முதன்மையானவர் மைக்கேல் வெஸ்ட். அவ்வழியைத் தேடும் வேட்கையை அவருக்குள் எழுப்பியவை வங்காளத்தின் வகுப்பறைகள்.

வங்காளத்தில் கல்விப்பணி

1888ஆம் ஆண்டு பிறந்த வெஸ்ட், ஆக்ஸ்போர்டில் பயின்றவர். 1912ஆம் ஆண்டு இந்தியக் கல்விப் பணியில் சேர்ந்து வங்காளத்திற்கு வந்தார். பின்னர் டாக்காவில் இருந்த ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் முதல்வராகவும் பொறுப்பேற்றார். பள்ளியில் சேர்ந்த சிறுவர் பலர் கல்வியை முடிக்காமலே இடையில் நின்றுவிடுவதை அவர் கண்டார். அவர்கள் சில ஆண்டுகள் ஆங்கிலம் பயின்றிருந்தனர். ஆயினும், ஓர் எளிய நூலைத் தாமாகப் படிக்கும் திறன்கூட அவர்களிடம் இல்லை. அவர்களுடைய உழைப்பும் காலமும் வீணாயின.

காப்பீட்டுப் பத்திரத்தை இடையில் ஒப்படைப்பவர்க்கும் ஒரு தொகை திரும்பக் கிடைக்கிறது. அதுபோல, இடையில் நின்ற மாணவனுக்கும் அவன் கற்ற அளவிற்கேற்ற பயன் கிடைக்க வேண்டும் என்பது வெஸ்டின் கருத்து. முழுமையாகக் கற்றோரை மட்டும் கொண்டு ஒரு கல்விமுறையை மதிப்பிடலாகாது என்பதே இதன் உட்பொருள். இருமொழிக் கல்வி பற்றி அவர் எழுதி 1926ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வுநூல் இக்கருத்தை விரிவாக எடுத்துரைத்தது.

சொற்சுமை குறைத்தல்

குறைந்த காலத்தில் மாணவனுக்குப் பயன்தரக்கூடியது படிக்கும் திறனே என்று வெஸ்ட் கருதினார். அதே காலத்தில் ஜப்பானில் ஆங்கிலக் கல்விக்கு வழிகாட்டிய ஹெரால்டு பால்மர், பேச்சே முதலில் கற்பிக்கப்பட வேண்டும் என்றார். வெஸ்ட் தம் கொள்கையில் உறுதியாக நின்று, பாடநூல்களை ஆராய்ந்தார். அவற்றில் வழக்கொழிந்த சொற்களும் அரிய சொற்களும் மலிந்திருந்தன. தீவைக் குறிக்கும் ‘ஐல்’ என்னும் செய்யுட்சொல்லை நீக்கி ‘ஐலண்டு’ என்னும் பெருவழக்குச் சொல்லை அமைப்பது போன்ற மாற்றங்களை அவர் செய்தார். கதைகளின் நீளத்தைக் கூட்டி, அவற்றில் வரும் புதிய சொற்களின் எண்ணிக்கையைக் குறைத்தார். கற்ற சொற்கள் மீண்டும் மீண்டும் வந்தமையால் அவை மாணவர் மனத்தில் நிலைபெற்றன. இம்முறையில் அமைந்த அவருடைய வாசிப்பு நூல்கள் பல நாடுகளிலும் பரவின.

1490 சொற்களில் ஓர் அகராதி

பாடநூலை எளிமையாக்கினால் மட்டும் போதாது. மாணவன் தானே நூல்களைத் தேடிப் படிக்கும்போது எதிர்ப்படும் புதுச்சொற்களுக்கும் விளக்கம் வேண்டும். ஆகவே, ஜேம்ஸ் எண்டிகாட்டுடன் இணைந்து 1935ஆம் ஆண்டு புதியதோர் அகராதியை வெஸ்ட் வெளியிட்டார். சொற்களும் மரபுத்தொடர்களுமாக ஏறத்தாழ 24,000 பதிவுகள் அதில் இடம்பெற்றன. அவை அனைத்திற்கும் 1490 சொற்களை மட்டுமே கொண்டு பொருள் கூறப்பட்டது. அந்த 1490 சொற்களை அறிந்த மாணவன், பிறர் துணையின்றி அகராதி முழுவதையும் பயன்படுத்தலாம்.

இம்முறையை ஓர் எடுத்துக்காட்டால் உணரலாம். ‘ஆர்ஃபன்’ என்னும் சொல்லைத் தாயும் தந்தையும் இறந்துபோன குழந்தை என விளக்கினால், தாய், தந்தை, இறப்பு, குழந்தை ஆகியவற்றைக் குறிக்கும் சொற்களே போதும். இவை தொடக்கநிலை மாணவனும் அறிந்தவை. ஆயினும், இம்முறைக்கும் எல்லை உண்டு. சில சொற்களின் விளக்கம் நீண்டுவிடும். சிலவற்றின் பொருள் நுட்பம் குறைந்துபோகும். எனினும், புரியாத நுட்பத்தைவிடப் புரிந்த எளிமையே தொடக்கநிலையில் துணைநிற்கும்.

பொதுச்சொற் பட்டியல்

1934ஆம் ஆண்டு நியூயார்க்கில், கார்னகி நிறுவனத்தின் ஆதரவில் சொல்லாய்வு மாநாடு ஒன்று நடைபெற்றது. பேச்சா வாசிப்பா என்பதில் கருத்து வேறுபட்ட பால்மரும் வெஸ்டும் அங்கு ஒன்றுகூடிச் செயலாற்றினர். அம்மாநாட்டில் தொடங்கிய பணியின் வளர்ச்சியாக, ஏறத்தாழ 2000 சொற்களைக் கொண்ட பொதுப்பயன்பாட்டுச் சொற்பட்டியலை வெஸ்ட் 1953ஆம் ஆண்டு வெளியிட்டார். ஒரு சொல்லின் பல பொருள்களுள் எது மிகுதியாக வழங்குகிறது என்பதையும் அப்பட்டியல் காட்டியது. எதனை முதலில் கற்பிப்பது என்று ஆசிரியர் தெளிவதற்கு அது உதவியது.

வெஸ்ட் 1973ஆம் ஆண்டு மறைந்தார். 1978ஆம் ஆண்டு வெளிவந்த லாங்மன் அகராதி, ஏறத்தாழ 2000 சொற்களுக்குள் பொருள் கூறும் முறையைப் பின்பற்றியது. அயல்மொழியாக ஆங்கிலம் கற்போர்க்கான பிற அகராதிகளும் பின்னர் இந்நெறியை ஏற்றன. பள்ளியை இடையில் விட்டுச் சென்ற வங்காளச் சிறுவரின் நிலை கண்டு வெஸ்ட் மேற்கொண்ட முயற்சி, இன்று உலகெங்கும் ஆங்கிலம் கற்போர்க்குப் பயன்படுகிறது. கற்பவர் நிற்கும் இடத்திற்கு இறங்கிச் சென்று கைகொடுத்து ஏற்றுவதே கற்பித்தல் என்பதை அவருடைய வாழ்வு உணர்த்துகிறது.