அங்கி அணிந்த நடிகர்

ஆங்கில நாடக மேடையிலும் திரையிலும் புகழ் பெற்று விளங்கிய சேர் அலெக் கின்னஸ், 1914ஆம் ஆண்டு ஏப்பிரல் 2ஆம் நாள் இலண்டனில் பிறந்தார். அவருடைய பிறப்புப் பத்திரத்தில் தந்தையின் பெயருக்குரிய இடம் வெறுமையாகவே இருந்தது. தந்தை யாரென்பதை அவர் இறுதிவரை உறுதியாக அறியவில்லை. விளம்பர நிறுவனமொன்றில் எழுத்துப்பணி செய்து, பின் நடிப்புப் பயின்ற அவருக்குக் கைகொடுத்தவர் பிரபல நடிகர் ஜோன் கில்குட். 1934இல் கில்குட்டின் 'ஹம்லெற்' நாடகத்தில் சிறு பாத்திரம் கிடைத்தது. போர்க்காலத்தில் கடற்படையில் சேர்ந்து, 1943இல் சிசிலித் தீவில் படைகளை இறக்கிய கலமொன்றுக்குத் தலைமை தாங்கினார்.

வேடத்துக்குள் தம்மை முற்றாக மறைத்துக்கொள்வதே இவருடைய தனித்திறமை. 1949இல் வெளிவந்த நகைச்சுவைப் படமொன்றில், ஒரே குடும்பத்தைச் சேர்ந்த எண்மராக இவர் ஒருவரே தோன்றினார். அவர்களுள் ஒருவர் பெண்!

ஆனால் இவரையே மாற்றிய வேடம் வேறொன்று. செஸ்ரர்ட்டன் படைத்த துப்பறியும் குருவானவரான பிரௌண் அடிகளாரின் கதை படமாகி 1954இல் வெளிவந்தது. அதில் அடிகளாராக நடிப்பதற்குக் கின்னஸ் பிரான்சின் பேர்கண்டிப் பகுதிக்குச் சென்றிருந்தார். ஒருநாள் மாலை, குருவுக்குரிய அங்கியைக் களையாமலே தங்குமிடம் நோக்கி நடந்துகொண்டிருந்தார். ஏழெட்டு வயதுச் சிறுவன் ஒருவன் ஓடிவந்து, அவரைக் குருவானவரென்றே எண்ணிக் கையைப் பற்றிக்கொண்டு, ஓயாமல் கதைத்தபடி கூடவே நடந்தான். தமது பிரெஞ்சு மொழியைக் கேட்டுப் பிள்ளை மிரண்டுவிடுவானோ என்றஞ்சி அவர் வாய் திறக்கவில்லை. சற்றுத் தூரம் சென்றதும் சிறுவன் தலைவணங்கி விடைபெற்று, வேலியில் இருந்த பொட்டினூடாக மறைந்துவிட்டான்.

அங்கியோடு வீதியில் இறங்கும் குருக்களாகிய எமக்கு இது பழகிய காட்சி, பெரிதாக எண்ணுவதில்லை. கத்தோலிக்கக் குருக்களை ஐயத்தோடு நோக்கும் சூழலில் வளர்ந்த கின்னஸோ, முன்பின் அறியாத பிள்ளையிடம் இத்துணை நம்பிக்கையை ஊட்டும் திருச்சபை தாம் கேள்விப்பட்டவாறு சூழ்ச்சி நிறைந்ததாக இருக்க முடியாதென எண்ணலானார்.

அக்காலப்பகுதியில் அவருடைய ஒரே மகன் மத்தியூ இளம்பிள்ளைவாதத்தால் இடுப்புக்குக் கீழே செயலிழந்து கிடந்தான். தந்தை வேலை முடிந்து திரும்பும் வழியில் சிறு கத்தோலிக்க ஆலயமொன்றில் நாள்தோறும் அமர்ந்திருப்பார். மகன் சுகமடைந்தால், அவன் கத்தோலிக்கனாக விரும்பும்போது தடுப்பதில்லை என இறைவனுக்கு வாக்களித்தார். பேரம் பேசும் செபம் உயர்ந்த செபமன்று என்பது மறைக்கல்வி வகுப்பில் சொல்லக்கூடியது. பிள்ளையின் கட்டிலருகே நின்ற தகப்பனிடம் அதை யார் சொல்வார்? மத்தியூ சுகமடைந்தான். யேசு சபையினரின் பாடசாலையிற் சேர்ந்து, காலப்போக்கில் கத்தோலிக்கனானான். தந்தை கொடுத்த வாக்கு தம்மைப் பற்றியதன்று. ஆயினும் அவரும் தயங்கித் தயங்கி வந்தார். துறவியர் மடமொன்றில் தங்கித் தியானித்தார். 1956 மார்ச் மாதம் பீற்றர்ஸ்பீல்ட் நகரில் திருச்சபையில் சேர்ந்துகொண்டார்.

அதன் பின்னரே அவர் எமது நாட்டுக்கு வந்தார். 'குவாய் நதிப் பாலம்' என்னும் படத்துக்காகக் கித்துல்கலவில் களனி கங்கை மீது பாலம் எழுந்தது பலரும் அறிந்ததே. அவர் இங்கு நடித்துக்கொண்டிருந்த 1957இல், இங்கிலாந்தில் மனைவி மெருலாவும் கத்தோலிக்கத் திருமறையைத் தழுவினார். சேர்ந்த பின்னரே கணவருக்கு அறிவித்தார்!

அப்படத்துக்காக 1958இல் ஓஸ்கார் விருதும், 1959இல் சேர் பட்டமும் அவரை வந்தடைந்தன. 1977இல் 'ஸ்ரார் வோர்ஸ்' பெருஞ்செல்வத்தைக் கொடுத்தது. அப்புகழை அவர் விரும்பவில்லை. அதனை நூறு தடவைக்கு மேல் பார்த்ததாகப் பெருமைப்பட்ட சிறுவன் ஒருவனிடம், இனி அதைப் பார்க்க வேண்டாமெனக் கேட்டு, அவனை அழவும் வைத்துவிட்டார்.

2000ஆம் ஆண்டு ஓகஸ்ட் 5ஆம் நாள் இறைபதம் எய்திய அவர், பீற்றர்ஸ்பீல்டிலேயே அடக்கம் செய்யப்பட்டார். அறுபத்திரண்டு ஆண்டுகள் உடன் வாழ்ந்த மெருலா, அவ்வாண்டு ஒக்ரோபரில் அவரைப் பின்தொடர்ந்தார்.