ரெண்டு தடவை காசைத் தொலைத்த கீன்ஸ்: டிரேடிங்கை விட்டாரா, இல்லையா?

எஃப் அண்ட் ஓ-வில் இறங்கிய தனிநபர்களில் 93% பேர் 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் நஷ்டப்பட்டார்கள் என்று 2024 செப்டம்பரில் செபி சொன்னது. அந்த எண்ணைப் பலரும் ஷேர் செய்தார்கள். அதே ஆய்வில் இருந்த இன்னொரு தகவல் அவ்வளவாகப் பேசப்படவில்லை. அடுத்தடுத்த வருஷங்களில் நஷ்டப்பட்ட பிறகும், அவர்களில் 75 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் டிரேடிங்கை விடவில்லை.

விட்டுடலாமா, இன்னும் ஒரு வருஷம் பார்க்கலாமா? இருபதாம் நூற்றாண்டின் மிகப் பிரபலமான பொருளாதார நிபுணரும் இந்தக் கேள்வியில் மாட்டிக்கொண்டவர்தான். ஜான் மேனார்ட் கீன்ஸ்.

1883-ல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் பிறந்தவர். 1906-ல் லண்டனில் இந்தியா ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்தார். இந்தியாவுக்கு ஒரு தடவைகூட வந்ததில்லை. ஆனா 1913-ல் வெளிவந்த அவருடைய முதல் புத்தகம் நம்ம ரூபாயைப் பற்றியது! முதல் உலகப் போரின்போது பிரிட்டிஷ் நிதித்துறையில் இருந்தார். 1919 பாரிஸ் அமைதி மாநாட்டில் ஜெர்மனி மீது சுமத்தப்பட்ட நஷ்டஈட்டை அந்த நாட்டால் தாங்க முடியாது என்று சொல்லி ராஜினாமா செய்தார்.

கணிப்பு சரி, கணக்கு காலி

அதே 1919-ல் கரன்சி டிரேடிங்கில் இறங்கினார். ஜெர்மன் மார்க், பிரெஞ்சு பிராங்க், இத்தாலிய லிரா விழும் என்று ஷார்ட்; டாலர் ஏறும் என்று லாங். எல்லாம் மார்ஜினில். போட்டது அவர் பணம் மட்டுமில்லை. சொந்தக்காரர்கள் பணமும், ஓவியர்களான டங்கன் கிராண்ட், வனெசா பெல் போன்ற நண்பர்களின் பணமும் அதில் இருந்தது.

ஆரம்பத்தில் நல்ல லாபம். 1920 வசந்த காலத்தில் ஐரோப்பிய கரன்சிகள் திடீரென்று ஏறின. அந்த ஏற்றம் நீடிக்கவில்லை. ஆனா அதுவரை தாக்குப்பிடிக்க அவரிடம் மார்ஜின் பணம் இல்லை. மே மாதக் கடைசியில் எல்லா பொசிஷனையும் மூட வேண்டியதாகிவிட்டது. கையிலிருந்ததைவிட கடன் அதிகம்.

கொடுமை என்னவென்றால், அவர் கணிப்பு தப்பே இல்லை. 1923-ல் மார்க் வெறும் காகிதமாகிப் போச்சு.

எர்னஸ்ட் கேஸல் என்ற பெரும் பணக்காரரிடம் 5,000 பவுண்டு கடன் வாங்கினார், பதிப்பாளரிடம் அட்வான்ஸ் வாங்கினார், அதே பந்தயத்தைத் திரும்ப ஆடினார். 1922 முடிவதற்குள் கடனெல்லாம் அடைந்தது. என் பார்வையில் 1920 நஷ்டத்தைவிட ஆபத்தானது இந்த மீட்சிதான். முறை சரி, நேரம்தான் சரியில்லை என்று நினைக்க இடம் கொடுத்துவிட்டது.

எதை விட்டார்?

1924-ல் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியின் நிதிப் பொறுப்பு முழுசாக அவர் கைக்கு வந்தது. பொருளாதாரம் எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்று கணித்து, பங்கு, பாண்டு, ரொக்கம் என்று மாறி மாறிப் போவதுதான் அவர் பாணி. அன்றைக்கு அவரைவிட அதிகம் தகவல் தெரிந்த ஆள் அபூர்வம். அப்படியும் 1920-களில் கல்லூரியின் பங்கு முதலீடு சந்தையைவிடப் பின்தங்கியது. சொந்தக் கணக்கிலோ ரப்பர், பருத்தி, தகரம் என்று கமாடிட்டி. 1928-ல் ரப்பர் சரிந்தது. 1929-ல் வால் ஸ்ட்ரீட்டே சரிந்தது. 1927 கடைசியில் சுமார் 44,000 பவுண்டாக இருந்த சொத்து, 1929 முடிவில் 8,000-க்கும் கீழே. வைத்திருந்த மட்டீஸ், சூரா ஓவியங்களை விற்கப் பார்த்தார். கேட்ட விலைக்கு ஆள் வரவில்லை.

பத்து வருஷம், ரெண்டு தடவை கிட்டத்தட்ட பூஜ்யம். 1930-களின் தொடக்கத்தில் அவர் விட்டது சந்தையை அல்ல, சந்தையின் அடுத்த அசைவைக் கணிக்கும் வேலையை. தனக்கு நன்றாகப் புரிந்த சில கம்பெனிகளை மட்டும் வாங்கி, விலை விழுந்தாலும் வருஷக்கணக்கில் வைத்திருக்க ஆரம்பித்தார். ஆஸ்டின் மோட்டார், தங்கச் சுரங்கப் பங்குகள் மாதிரி. கல்லூரிக் கணக்கில் வாங்கி விற்கும் வேகம் குறைந்துகொண்டே போனது. 1936-ல் அவர் சொத்து 5 லட்சம் பவுண்டைத் தாண்டியது.

இதோடு கதை சுபம் என்று நினைக்காதீர்கள். கடன் வாங்கிப் பங்கு வாங்கும் பழக்கம் மட்டும் அவரை விடவில்லை. 1937-ல் அமெரிக்கச் சந்தை விழுந்தது, இதய நோயும் அவரைப் படுக்கையில் போட்டது. 1938 முடிவில் சொத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு காணோம். கடனையும் குறைத்தார். அந்த 1938-லேயே, சந்தைச் சுழற்சியைக் கணிக்கும் முறை பலிக்கவில்லை என்று கல்லூரிக் குழுவுக்கு எழுதியும் கொடுத்தார்.

1946-ல் அவர் இறந்தபோது சொத்து சுமார் 4.8 லட்சம் பவுண்டு. அவர் பார்த்துக்கொண்ட கால் நூற்றாண்டில் கல்லூரியின் பங்கு முதலீடு வருஷத்துக்குச் சராசரி 16% அளவுக்கு வளர்ந்தது; பிரிட்டிஷ் சந்தை சுமார் 10%.

"அப்போ நானும் விடாமல் இருந்தால் மீண்டுவிடுவேன்" என்று இதைப் படிப்பவர்கள் ஒரு விஷயத்தைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். கணக்கு காலியான வருஷங்களிலும் கீன்ஸுக்குக் கல்லூரிச் சம்பளம், புத்தக ராயல்டி, பத்திரிகை எழுத்து என்று வருமானம் வந்துகொண்டே இருந்தது. கைகொடுக்க ஒரு கேஸலும் இருந்தார். செபி ஆய்வின்படி 2024 நிதியாண்டில் எஃப் அண்ட் ஓ-வில் இருந்த தனிநபர்களில் 75 சதவீதத்துக்கும் அதிகமானோர் காட்டிய ஆண்டு வருமானம் 5 லட்சம் ரூபாய்க்கும் கீழே.