ஆபிரகாம் லூயி பிரெகே

ஆபிரகாம் லூயி பிரெகே (ஜனவரி 10, 1747 - செப்டம்பர் 17, 1823) இன்றைய சுவிட்சர்லாந்தில் பிறந்து, பிரான்சில் வாழ்ந்த புகழ்பெற்ற கடிகார வினைஞர் ஆவார். அணிந்திருப்பவரின் உடல் அசைவிலிருந்தே ஆற்றலைப் பெற்று, சாவி கொடுக்காமல் ஓடும் தானியங்கிக் கடிகாரத்தை நம்பிப் பயன்படுத்தக்கூடிய கருவியாக ஆக்கியவர்களுள் இவர் முதன்மையானவர். சுழலும் கூண்டமைப்பான டூர்பியோன், அதிர்ச்சி தாங்கும் அமைப்பு முதலியனவும் இவருடைய கண்டுபிடிப்புகளாகும். இன்றைய விலையுயர்ந்த இயந்திரக் கடிகாரங்களில் காணப்படும் பல நுட்பங்களுக்கு இவரது பாரிசுப் பட்டறையே பிறப்பிடம்.

இளமை

பிரெகே நியூசாடெல் நகரில் பிறந்தார். சமயக் காரணங்களால் பிரான்சை விட்டு வெளியேறிய சீர்திருத்தக் கிறித்தவ மரபைச் சேர்ந்தது இவரது குடும்பம். 1758 இல் தந்தை இறந்தார். பின்னர் தாயார், கடிகாரத் தொழிற்குடும்பத்தைச் சேர்ந்த ஜோசப் தத்தே என்பவரை மறுமணம் செய்துகொண்டார். மாற்றாந்தந்தையே பிரெகேயை இத்தொழிலுக்குக் கொண்டுவந்தார். 1762 இல் பதினைந்து வயதான பிரெகே தொழில் பழகுவதற்காக பிரான்சுக்கு அனுப்பப்பட்டு, அரசவை இருந்த வெர்சாயில் பயிற்சி பெற்றார். பாரிசின் மசரேன் கல்லூரியில் மாலை வகுப்புகளில் கணிதமும் பயின்றார். அங்கு ஆசிரியராக இருந்த பாதிரியார் மரீ இவரது திறமையைக் கண்டு அரசவையினருக்கு அறிமுகம் செய்துவைத்தார்.

1775 இல் பிரெகே பாரிசின் சிதே தீவில் உள்ள கடிகாரத் துறைத் தெருவில் சொந்தப் பட்டறையைத் தொடங்கினார். அதே ஆண்டில் செசில் லூயில்லியே என்பவரை மணந்தார். 1776 இல் பிறந்த மகன் ஆன்ட்வான் லூயி பின்னாளில் தந்தையின் தொழிலை ஏற்று நடத்தினார். மனைவி 1780 இல் இறந்தார். பிரெகே மறுமணம் செய்துகொள்ளவில்லை.

தானியங்கிக் கடிகாரம்

18 ஆம் நூற்றாண்டில் கடிகாரங்களுக்கு நாள்தோறும் தனிச் சாவியால் சாவி கொடுக்க வேண்டியிருந்தது. சாவி நுழையும் துளை வழியாகத் தூசியும் ஈரமும் உள்ளே சென்றன. சாவி கொடுக்க மறந்தால் கடிகாரம் நின்றுவிடும். இவற்றுக்குத் தீர்வாகத் தானே இறுகும் கடிகாரத்தைச் செய்யும் முயற்சிகள் 1770களில் நடைபெற்றன. லெ லோக்கிள் ஊரைச் சேர்ந்த ஆபிரகாம் லூயி பெரலே, லியேஜ் நகரைச் சேர்ந்த உபேர் சார்தோன் ஆகியோர் இத்துறையின் முன்னோடிகள். சார்தோனின் அமைப்பு பற்றிய விளக்கம் 1778 இல் பாரிசு அறிவியற் கழகத்தின் முன் வைக்கப்பட்டது. இவர்களுள் முதலில் கண்டுபிடித்தவர் யார் என்பது பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. எனவே தானியங்கிக் கடிகாரம் என்ற எண்ணம் பிரெகேயிடம் மட்டும் தோன்றியதன்று. அதைத் தவறாமல் இயங்கச் செய்ததே அவரது பங்களிப்பாகும்.

பிரெகே தமது அமைப்புக்கு முடிவில்லாதது என்னும் பொருள்படும் பெர்பெத்துவெல் என்ற பெயரை இட்டார். இது பின்வருமாறு இயங்கும். கடிகாரத்தின் உள்ளே ஓர் ஓரத்தில் பொருத்தப்பட்ட எடைக்கட்டி ஒன்றை மெல்லிய வில் தாங்கி நிற்கும். அணிந்திருப்பவர் நடக்கும்போது ஒவ்வோர் அடிக்கும் எடைக்கட்டி தாழ்ந்து, வில்லின் விசையால் மீண்டும் எழும். இந்த ஏற்ற இறக்கம் பற்சக்கரங்களின் வழியே முதன்மைச் சுருள்வில்லை இறுக்கும். சிறிய இடத்தில் மிகுந்த எடை தேவைப்பட்டதால், பொன்னைவிட அடர்த்தி மிக்க பிளாட்டினத்தால் எடைக்கட்டி செய்யப்பட்டது.

சுருள்வில் முழுவதும் இறுகிய பிறகும் எடைக்கட்டி அசைந்துகொண்டிருந்தால் உறுப்புகள் பழுதுபடும். ஆகவே, வில் நிறைந்தவுடன் எடைக்கட்டியைப் பூட்டி நிறுத்தும் அமைப்பைச் சேர்த்தார். இன்னும் எத்தனை மணி நேரம் ஓடும் என்பதைக் காட்டும் சிறு முள்ளும் முகப்பில் இடம்பெற்றது. 1780 இல் ஓர்லியான் கோமகனுக்கும், 1782 இல் அரசி மரீ அந்துவானெத்துக்கும் இவ்வகைக் கடிகாரங்கள் விற்கப்பட்டன. இவற்றால் பிரெகேயின் பெயர் ஐரோப்பிய அரசவைகளில் பரவியது.

எனினும் இந்த அமைப்புக்கு ஓர் எல்லை இருந்தது. அக்காலக் கடிகாரங்கள் சட்டைப்பையில் வைக்கப்பட்டன. அங்கு அசைவு குறைவு. நாற்காலியில் அமர்ந்திருப்பவரின் பையில் அசைவே இல்லை. செய்வதற்குக் கடினமாகவும் விலை மிகுந்ததாகவும் இருந்த இக்கடிகாரம் செல்வந்தர்களிடம் மட்டுமே சென்று சேர்ந்தது.

பிரெஞ்சுப் புரட்சி

1789 இல் தொடங்கிய பிரெஞ்சுப் புரட்சி பிரெகேயின் வாடிக்கையாளர்களான அரச குடும்பத்தையும் பிரபுக்களையும் வீழ்த்தியது. அரசவையுடன் கொண்டிருந்த தொடர்பு அவருடைய உயிருக்கே ஆபத்தாயிற்று. புரட்சித் தலைவர்களுள் ஒருவரும், நியூசாடெல் பகுதியில் பிறந்தவருமான ழான் பால் மாரா பிரெகேயின் நண்பர். அவரது உதவியால் 1793 இல் பயண அனுமதிச் சீட்டைப் பெற்று, பிரெகே குடும்பத்துடன் பாரிசை விட்டு வெளியேறினார். அவ்வாண்டு ஜூலையில் மாரா கொல்லப்பட்டார். அக்டோபரில் மரீ அந்துவானெத்துக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது.

சுவிட்சர்லாந்தில் தங்கியிருந்த காலத்தில் பிரெகே லெ லோக்கிளில் சிறு பட்டறை அமைத்துப் பணியைத் தொடர்ந்தார். 1795 இல் பாரிசு திரும்பினார். பழைய வாடிக்கையாளர்கள் இல்லாத நிலையில், ஒரே முள்ளைக் கொண்ட எளிய கடிகாரத்தை வடிவமைத்து, விலையில் நான்கில் ஒரு பங்கை முன்பணமாகப் பெற்று விற்றார். சந்தாக் கடிகாரம் எனப்பட்ட இது அவரது தொழிலை மீண்டும் நிலைநிறுத்தியது. போலிகள் பெருகியதால், முகப்பில் எளிதில் கண்ணுக்குத் தெரியாத மறைகையொப்பத்தைப் பொறிக்கும் வழக்கத்தையும் தொடங்கினார்.

பிற கண்டுபிடிப்புகள்

மணியடிக்கும் கடிகாரங்களில் மணிக்குப் பதிலாகச் சுருள் கம்பியைப் பயன்படுத்தி அவற்றை மெலிதாக்கினார். கடிகாரம் கீழே விழுந்தாலும் அச்சு முறியாதபடி காக்கும் அமைப்பை 1790 அளவில் உருவாக்கினார். 1795 இல் சமநிலைச் சக்கரத்தின் மெல்லிய சுருள்வில்லின் வெளிமுனையை மேல்நோக்கி வளைத்து அமைத்தார். இதனால் வில் சீராக விரிந்து சுருங்கியது. இது இன்றும் பிரெகே சுருள் என்றே வழங்குகிறது.

1801 ஜூன் 26 இல் டூர்பியோன் அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். பையில் செங்குத்தாக இருக்கும் கடிகாரத்தில் புவியீர்ப்பு ஒரே திசையில் செயல்பட்டுப் பிழையை உண்டாக்கும். சமநிலைச் சக்கரத்தையும் அதனுடன் இணைந்த உறுப்புகளையும் சுழலும் கூண்டில் வைத்தால், ஒரு நிலையில் ஏற்படும் பிழையை எதிர்நிலைப் பிழை ஈடுசெய்யும் என்பதே இதன் அடிப்படை.

நேப்பிள்ஸ் அரசி கரோலின் மூரா 1810 இல் கேட்டுக்கொண்டதற்கு இணங்க, மணிக்கட்டில் அணியும் கடிகாரம் ஒன்றையும் பிரெகே செய்தார். 1812 இல் முடிவுற்ற இது, ஆவணங்களால் அறியப்படும் முதல் கைக்கடிகாரங்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது.

அரசியின் கடிகாரம்

1783 இல் மரீ அந்துவானெத்துக்காக ஒரு கடிகாரம் செய்யும்படி பிரெகேயிடம் கூறப்பட்டது. அக்காலத்தில் அறியப்பட்ட எல்லா நுட்பங்களும் அதில் இருக்க வேண்டும். காலத்துக்கும் விலைக்கும் வரம்பு இல்லை. 160 ஆம் எண்ணைக் கொண்ட இக்கடிகாரத்தில் நாள்காட்டியும் மணியடிக்கும் அமைப்பும் இருந்தன. பிளாட்டின எடைக்கட்டியால் தானே இறுகும் அமைப்பும் இடம்பெற்றது. பணி 1827 இல்தான் நிறைவுற்றது. அப்போது அரசி இறந்து 34 ஆண்டுகளும், பிரெகே இறந்து 4 ஆண்டுகளும் ஆகியிருந்தன. 1983 இல் ஜெருசலேம் அருங்காட்சியகத்திலிருந்து திருடப்பட்ட இக்கடிகாரம் மீட்கப்பட்ட செய்தி 2007 இல் வெளியானது.

இறுதிக்காலம்

1815 இல் பிரெகே பிரெஞ்சு அரச கடற்படையின் கடிகார வினைஞராக நியமிக்கப்பட்டார். 1816 இல் அறிவியற் கழக உறுப்பினரானார். 1823 இல் பாரிசில் காலமானார். அவரது உடல் பெர் லாசேசு இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டது. 1870 இல் நிறுவனம் எட்வர்ட் பிரவுன் என்பவரிடம் சென்றது. 1999 இல் சுவாட்ச் குழுமம் அதை வாங்கியது. வானூர்தி முன்னோடி லூயி சார்லசு பிரெகே இவரது வழித்தோன்றல் ஆவார்.

பிற்காலத் தானியங்கிக் கடிகாரங்கள்

கடிகாரம் பையிலிருந்து மணிக்கட்டுக்கு மாறிய பின்னரே தானியங்கி அமைப்பு பரவலானது. கை நாள் முழுவதும் அசைவதால் போதிய ஆற்றல் கிடைத்தது. ஆங்கிலேயரான ஜான் ஆர்வுட் 1920களில் தானியங்கிக் கைக்கடிகாரத்தை உருவாக்கினார். அதிலும் எடைக்கட்டி இருபுறமும் விற்களில் மோதித் திரும்பியது. 1931 இல் ரோலக்ஸ் நிறுவனம் முழுவட்டமாகச் சுழலும் எடைக்கட்டியை அறிமுகப்படுத்தியது. அந்த வகைக்கு இடப்பட்ட பெர்பெச்சுவல் என்ற பெயர் பிரெகே இட்ட பெயரின் பொருளையே கொண்டது.

இந்தியாவில் எச்.எம்.டி. நிறுவனம் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் ஒத்துழைப்புடன் 1961 இல் பெங்களூரில் கைக்கடிகார உற்பத்தியைத் தொடங்கியது. அதன் ஜனதா கடிகாரம் கையால் சாவி கொடுக்கப்படுவது; காஞ்சன் தானியங்கி வகை. செல்வந்தர்களுக்கு மட்டும் கிட்டிய நுட்பம், இத்தகைய கடிகாரங்களின் வழியே நடுத்தரக் குடும்பங்களையும் வந்தடைந்தது.