ஹோமி பாபா: கணக்கும் பரீட்சையும்

பம்பாய் நகரில், 1909-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் நாள், செல்வமும் கல்வியும் ஒருங்கே வாய்ந்த பார்ஸிக் குடும்பமொன்றில் ஹோமி ஜஹாங்கீர் பாபா பிறந்தார். இந்திய அணுசக்திக் கமிஷனின் முதல் தலைவர் என அவரை நாடறியும். நாம் இங்கே சொல்லப் புகுந்ததோ, இருபத்தாறு வயதில் அவர் செய்து முடித்த ஒரு கணக்கையும், அது பரீட்சைக்கு நின்ற வகையையுமேயாம்.

1927-இல் பாபா கேம்பிரிட்ஜ் சென்றது இயந்திரப் பொறியியல் கற்பதற்கு. கற்றுத் திரும்பி ஜாம்ஷெட்பூர் இரும்பாலையில் அமர வேண்டுமென்பது பெரியோர் எண்ணம். மகனுக்கோ பௌதிக சாஸ்திரத்தில் தீராக் காதல். தம் உள்ளத்தைத் தந்தைக்குக் கடிதத்தில் திறந்து காட்டினார். தந்தை சினந்தாரல்லர், பொறியியலில் முதல் வகுப்பிற் தேறினால் விரும்பியதைப் பயிலலாம் என்று உடன்பட்டார். 1930-இல் பாபா அவ்வாறே தேறினார். தந்தையின் பனியன் கம்பெனிக்கும் தம் விருப்பத்திற்கும் இடையே நின்று தயங்கும் திருப்பூர் மாணவர் சிலரை நாம் அறிவோமாதலின், இச்செய்தியை விரித்துரைத்தோம்.

அக்காலத்துக் கேம்பிரிட்ஜில் டிராக் என்னும் பேரறிஞர் இருந்தார். எலக்ட்ரானுக்கு எதிர்த்துகள் ஒன்று இருத்தல் வேண்டுமென்று அவர் 1931-இல் கணித்துரைத்தார். மறு ஆண்டே ஆண்டர்ஸன் அதனைக் காஸ்மிக் கதிர்களிற் கண்டார். பாஸிட்ரான் எனப்படும் அத்துகள் எலக்ட்ரானைச் சந்திப்பின் இரண்டும் அழிந்து ஒளியாகும். ஒளியிலிருந்து அவ்விணை மீண்டும் தோன்றவும் கூடும். அங்ஙனமாயின், இவ்விரண்டும் மோதிச் சிதறும்போது, வெளிவருவது முன்னிருந்த எலக்ட்ரானா, அழிந்து புதிதாய்ப் பிறந்ததா? பிரித்தறிய வழியில்லை. ஆகவே மோதி விலகும் வழியையும் அழிந்து பிறக்கும் வழியையும் சேர்த்தே கணக்கிட வேண்டுமென்று கொண்டு, பாபா ஒரு சூத்திரம் கண்டார். 1936-இல் அது பிரசுரமாயிற்று.

ஆயினும், சூத்திரம் அழகாயிருத்தல் அது மெய்யென்பதற்குச் சான்றாகாது. நம் ஊரில் பின்னல் துணியை வட்டமாக வெட்டித் தராசிலிட்டு, சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்று பார்த்த பின்னரே மேல் வேலைக்கு அனுப்புவர். எவ்வளவு பேர்பெற்ற நூலாயினும் தராசு சொன்னதே முடிவு. பாபாவின் கணக்கில், அழிந்து பிறக்கும் வழியால் வரும் வேறுபாடு குறைந்த வேகத்தில் மிகச் சிறிது. அதனைத் தெளிவாய் அளந்தறியும் கருவிகள் 1950-களின் முற்பகுதியிலேதான் கைகூடின. அளந்தபோது, அப்பகுதியையும் சேர்த்த கணக்கே மெய்யாயிற்று.

எல்லாக் கணக்கும் இங்ஙனம் எளிதில் தேறுவதில்லை. 1955-இல் பெர்க்லியில் எதிர்ப் புரோட்டான் கண்டறியப்பட்டது. அது புரோட்டானோடு கூடி அழியுங்கால் சராசரி ஐந்து பையான் துகள்கள் சிதறின. பெர்மி வகுத்திருந்த புள்ளிவிவர முறையோ அதனிற் குறைவாகவே எதிர்பார்த்தது. அழிவு நிகழும் இடத்தின் பருமனைப் பன்மடங்கு பெருக்கிக் கொண்டாலன்றிக் கணக்கு ஒத்து வரவில்லை. எலக்ட்ரானுக்கு உள்ளுறுப்பு இருப்பதாக இன்றுவரை காணப்படவில்லை, புரோட்டானோ குவார்க்குகளாலாயது. அதனால் அதன் அழிவு சிக்கலானது. பாபாவின் சூத்திரமோ பிற்காலத்தில் அளவுகோலாகவே ஆயிற்று: 1989 முதல் 2000 வரை ஜெனீவாவை அடுத்து ஓடிய பெரும் மோதுபொறியில், எத்தனை மோதல்கள் நிகழ்ந்தன என்பதை இச்சிதறலை எண்ணியே கணித்தனர்.

1937-இல் ஹைட்லருடன் கூடி, காஸ்மிக் கதிர் பொழிவாய்ப் பெருகும் விதத்தைப் பாபா விளக்கினார். காரீயப் பாளங்களையும் ஊடுருவிச் சென்ற கதிர்கள் மட்டும் அவ்விளக்கத்திற்கு அடங்கவில்லை. அவர் அதனை மறைத்தாரல்லர். எலக்ட்ரானினும் கனமான துகளொன்று உண்டென்பதற்கு அதனையே குறியாய்க் கொண்டார்.

1939-இல் விடுமுறைக்கு வந்தவரை யுத்தம் இங்கேயே நிறுத்திவிட்டது. பெங்களூரில் ராமன் தலைமையிலிருந்த பௌதிகப் பகுதியில் அமர்ந்தார். 1945-இல் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தை நிறுவினார். அந்நிலையத்தார் 1950-களில் நம் அண்டை மலையாகிய உதகையிலும், தமிழ்த் தொழிலாளர் பலர் உழைத்த கோலார் தங்கச் சுரங்கத்திலும் காஸ்மிக் கதிர்க் கருவிகளை அமைத்தனர். 1965-இல் அச்சுரங்கத்தின் ஆழத்தில், வளிமண்டலத்திற் பிறந்த நியூட்ரினோவின் தடம் பதிவாயிற்று. மறு ஆண்டு ஜனவரி 24-ஆம் நாள், வியன்னாவுக்குச் செல்லும் வழியில் அவர் ஏறிய விமானம் மான்ட் பிளாங்க் மலையில் மோதிற்று. அப்போது பாபாவுக்கு வயது 56.