சோஜர்னர் ட்ரூத் அம்மையார்

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் 1797ஆம் ஆண்டளவில் அடிமைப் பெற்றோர்க்குப் பிறந்தவர் இசபெல்லா. ஒன்பது வயதில் ஆட்டு மந்தையோடு சேர்த்து 100 டாலருக்கு விற்கப்பட்டார். 1826இல் கைக்குழந்தையுடன் எசமானர் வீட்டை விட்டு வெளியேறினார். அவருடைய சிறுமகன் பீட்டரோ சட்டத்திற்கு மாறாகத் தொலைதூர அலபாமாவுக்கு விற்கப்பட்டான். எழுத்தறியாத அத்தாய் நீதிமன்றப் படியேறினார். வழக்காடி 1828இல் மகனை மீட்டார். மீண்ட சிறுவன் உடலெங்கும் சாட்டைத் தழும்புகள்!

1843இல் சோஜர்னர் ட்ரூத் எனப் பெயர் பூண்டு, அடிமை ஒழிப்பையும் பெண்ணுரிமையையும் ஊர்தோறும் ஒருசேர முழங்கினார். ஆக்ரன் நகர மகளிர் மாநாட்டில் 1851இல் அவர் ஆற்றிய உரை புகழ்மிக்கது. எனினும் 1863இல் வேறொருவர் அதைத் திருத்தி அச்சிட்டு, டச்சு மொழி பேசி வளர்ந்த அம்மையாரின் வாயில் தென்மாநில அடிமைகளின் பேச்சுவழக்கை ஏற்றிவிட்டார். உலகம் நெடுநாள் அறிந்தது அத்திருத்தத்தையே. தம் சொல்லைத் தாமே எழுதிவைக்க அவருக்குக் கல்வி வாய்க்கவில்லை. 1872இல் வாக்களிக்கச் சென்றபோது திருப்பியனுப்பப்பட்டார், 1883இல் மறைந்தார்.