எண்களின் உறவை ஆராய்ந்த பிள்ளையவர்கள்

கணித சார சங்கிரகம் இயற்றிய சமணப் பேரறிஞர் மகாவீராசாரியாரைப் போற்றும் நாம், நாஞ்சில் நாட்டில் பயின்று எண் கணிதத்தில் புகழ் எய்திய மற்றொரு மேதையையும் அறிதல் வேண்டும். அவரே எஸ்.எஸ். பிள்ளை எனப்படும் சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை அவர்கள்.

குற்றாலத்தை அடுத்த வல்லத்தில் 5-4-1901 அன்று பிறந்தார். ஓராண்டில் தாயையும், பள்ளி இறுதியாண்டில் தந்தையையும் இழந்தார். சாஸ்திரியார் என்ற ஆசிரியர் பொருளுதவி செய்து அவருடைய கல்வியைக் காத்தார். நாகர்கோவில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரியிலும், திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியிலும் பயின்றார். 1929 முதல் 1941 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக விளங்கினார். எந்த முழு எண்ணையும் எழுபத்து மூன்றுக்கு மிகாத ஆறாம் அடுக்குகளின் கூட்டலாக எழுதலாம் என 1940இல் நிறுவினார்.

அவ்வாண்டில் அவர் ஆராய்ந்த மற்றொரு வினா, சிறுவரும் சுவைக்கத்தக்கது. அடுத்தடுத்த எண்கள் சிலவற்றை எடுத்துக்கொண்டால், மற்ற எவற்றோடும் பொது வகுத்தி இல்லாத எண் ஒன்றேனும் அவற்றுள் இருக்குமா? பதினாறு எண்கள் வரை கட்டாயம் இருக்கும். பதினேழாயின் இல்லாமலும் போகலாம் எனக் கண்டார்.

2184 முதல் 2200 வரையுள்ள பதினேழு எண்களைக் காண்போம். இரட்டை எண்கள் யாவும் 2ஆல் வகுபடும். 2185, 2195 ஆகியன 5இல் முடிவதால் 5ஆல் வகுபடும். 2187, 2193, 2199 ஆகியவற்றின் இலக்கக் கூட்டுத்தொகை முறையே 18, 15, 21; எனவே அவை 3ஆல் வகுபடும். 2189இல் ஒன்றுவிட்ட இலக்கங்களைக் கூட்டினால் இருபுறமும் 10. ஆகவே 2200ஐப் போலவே 11ஆல் வகுபடும். எஞ்சிய 2191க்கு 7ஆலும், 2197க்கு 13ஆலும் 2184 உறவாகிறது. தனித்து நிற்கும் எண் ஒன்றுமில்லை. பகா எண்ணும் ஒன்றில்லை.

திருவிதாங்கூர், கல்கத்தா பல்கலைக்கழகங்களிலும் பணியாற்றிய அவருக்குப் பிரின்ஸ்டன் ஆய்வு நிறுவனத்தின் அழைப்பு வந்தது. ஹார்வர்டில் கூடிய உலகக் கணித மாநாட்டிலும் பங்கேற்கப் புறப்பட்டவர், 31-8-1950 அன்று எகிப்தில் நேர்ந்த விமான விபத்தில் மறைந்தார். அப்போது அவருக்கு வயது நாற்பத்தொன்பதே.

ஓர் ஆசிரியர் செய்த கல்விக்கொடை உலகுக்கு ஒரு மேதையைத் தந்தது. நம் ஊர்களிலும் படிப்பு நின்றுவிடும் நிலையிலுள்ள ஒரு பிள்ளைக்கேனும் நாம் துணை நிற்போமாக.