நிலவில் ஓடிய பஸ்ஸும் மீன் டின் லொறியும்: ஆர்தர் சி. கிளார்க் பார்த்த சிவனொளிபாதமலை

மலையகத்துத் தோட்டங்களில் வளர்ந்த பலருக்கு முதல் வாகனம் மீன் டின்னில்தான் கிடைத்தது. வெறும் டின் லொறியாகும். பழைய செருப்பை வட்டமாக வெட்டினால் நான்கு சில்லுகள். இழுக்க ஒரு நூல். பிரட்டுக்களத்து மண்ணில் அது கொழுந்து லொறியாகவும் ஓடும், ரொக்கெட்டாகவும் பறக்கும்.

1978இல் டென்மார்க்கின் லெகோ நிறுவனம் விண்வெளி வரிசை ஒன்றைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. நீலமும் சாம்பலுமான கட்டைகளைப் பூட்டினால் உள்ளங்கையில் அடங்கும் சந்திர வண்டி தயார். அன்று அவற்றோடு விளையாடிய பிள்ளைகள் இன்று நடுவயதைத் தாண்டியவர்கள். அவர்களுடைய ஏக்கத்தை அறிந்தே, 2022இல் அந்த நிறுவனம் பழைய விண்கலம் ஒன்றைப் பெரிதாக்கி மீண்டும் விற்றது.

இப்படியான வண்டிகளை உலகம் கற்பனை செய்யக் கற்றுக்கொடுத்தவர்களில் ஒருவர் நம் நாட்டில் அரை நூற்றாண்டுக்கு மேல் வாழ்ந்தார். மஸ்கெலியா தோட்டங்களுக்கு மேலே உயர்ந்து நிற்கும் மலையைத்தான் விண்ணுக்கான ஏணியின் அடிவாரமாக அவர் தேர்ந்தெடுத்தார். அவர் ஆர்தர் சி. கிளார்க்.

1917 டிசம்பர் 16இல் இங்கிலாந்தின் மைன்ஹெட் என்ற கடலோர ஊரில் அவர் பிறந்தார். தந்தை முதலாம் உலகப் போருக்குப் போய்த் திரும்பி விவசாயம் செய்தவர். ஆர்தருக்கு 13 வயதானபோது அவர் இறந்துபோக, நான்கு பிள்ளைகளையும் தாய் தனியாக வளர்த்தார். மூத்தவரான ஆர்தர் தானே செய்த தொலைநோக்கியால் நிலவைப் பார்த்துப் படம் வரைந்தார். பல்கலைக்கழகம் செல்லப் பணமில்லாததால் 1936இல் லண்டனில் அரசாங்க எழுதுவினைஞர் வேலைக்குப் போனார்.

இரண்டாம் உலகப் போரில் விமானப்படையின் ராடார் பிரிவில் பணியாற்றினார். 1945இல், பூமியிலிருந்து ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் செய்மதிகளை நிறுத்தி உலகம் முழுவதும் ஒலிபரப்பலாம் என்று ஒரு கட்டுரை எழுதினார். அப்போது விண்ணில் ஒரு செய்மதிகூட இல்லை. போர் முடிந்த பிறகே பட்டம் பெற்றார்.

1956இல் இலங்கைக்கு வந்தார். அவரை இங்கே இழுத்தது கடல். அவரும் நண்பர் மைக் வில்சனும் திருகோணமலையில் சுழியோடி, போர்த்துக்கீசர் இடித்துத் தள்ளிய கோணேசர் கோவிலின் தூண்களையும் கற்களையும் கடலடியில் கண்டு பதிவுசெய்தார்கள்.

1968இல் ஸ்டான்லி குப்ரிக்கோடு சேர்ந்து அவர் உருவாக்கிய '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' திரைக்கு வந்தது. மனிதன் நிலவில் கால் வைக்க இன்னும் ஒரு வருடம் இருந்தது. ஆனால் படத்தில் நிலவின் மேல் பயணிகளை ஏற்றிக்கொண்டு ஒரு பஸ் போனது. அமெரிக்காவின் அரோரா நிறுவனம் அந்த பஸ்ஸையும் படத்தில் வந்த விண்விமானத்தையும் பிள்ளைகள் ஒட்டிப் பூட்டும் பிளாஸ்டிக் மாதிரிகளாக விற்றது.

1975இல் இலங்கை அரசு கிளார்க்குக்கு வதிவிட விருந்தினர் அந்தஸ்து கொடுத்தது. 1979இல் அவருடைய 'தி பௌண்டன்ஸ் ஒஃப் பாரடைஸ்' நாவல் வெளியானது. பூமியிலிருந்து விண்வெளிக்கு ஏறும் மின்தூக்கி ஒன்றைக் கட்டும் கதை அது. பூமத்திய ரேகைக்கு அருகே வரவேண்டும் என்பதற்காக இலங்கையையே நாவலில் தெற்கே நகர்த்தினார். மின்தூக்கியின் அடி, சிவனொளிபாதமலையை மாதிரியாகக் கொண்ட மலையில் ஊன்றியது.

அதே மலையைப் பார்த்துக்கொண்டு கொழுந்து பறித்தவர்களில் பலருக்கு அப்போது நாடே இல்லை. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியிருந்தது. 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்தது. கடல் கடந்து வந்த ஒருவரை இந்த நாடு விருந்தினராக வைத்துக்கொண்ட அதே ஆண்டுகளில், இங்கேயே பிறந்த குடும்பங்கள் தலைமன்னாரில் கப்பல் ஏறின. 1977 வன்முறைக்குப் பிறகு இன்னும் பலர் வன்னிக்குப் போனார்கள். பின்னர் யுத்தம் அங்கேயும் வந்து சேர்ந்தது.

இதற்குக் கிளார்க் காரணமல்ல. போலியோவின் பின்விளைவால் பிற்காலத்தில் சக்கர நாற்காலியில் இருந்த அவர், 2007 டிசம்பரில் தன் 90ஆவது பிறந்தநாளுக்கு மூன்று ஆசைகளைச் சொன்னார். வேற்றுக்கிரக உயிர்களுக்குச் சான்று கிடைக்க வேண்டும், உலகம் சுத்தமான சக்திக்கு மாற வேண்டும், இலங்கையில் நிலையான சமாதானம் வர வேண்டும் என்பவை அவை. அடுத்த மாதமே அரசாங்கம் போர்நிறுத்த உடன்படிக்கையிலிருந்து விலகியது. 2008 மார்ச் 19இல் அவர் கொழும்பில் காலமானார். பொரளை கனத்தை மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

பழைய விண்வெளி விளையாட்டுப் பொருட்களைச் சேகரிப்பவர்கள் பணம் கொடுத்தால் தங்கள் பிள்ளைப்பருவத்தில் ஒரு துண்டையாவது திரும்ப வாங்கலாம். லயத்தை விட்டு ஒருமுறை, வன்னியை விட்டு இன்னொருமுறை என்று கையில் கிடைத்ததோடு புறப்பட்டவர்களுக்கு அப்படி ஒரு கடை இல்லை. மீன் டின் லொறியை எந்த நிறுவனமும் மீண்டும் தயாரிக்கப் போவதில்லை. அதைச் செய்யத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் செய்து காட்டும்போது பேரப்பிள்ளைகள் பக்கத்தில் இருக்கட்டும். அந்த லொறி எந்தத் தோட்டத்திலிருந்து புறப்பட்டது என்பதையும் அப்போதே சொல்லிவிடலாம்.